யாருக்கும் நிற்காத ரோண்டா

பிக்கெட்ஸ் ஃபெர்ரியில் பிள்ளை பெற்றவர்கள் இரண்டு வகை. காலையில் பிள்ளையை நேரத்துக்கு எழுப்பிவிடுகிறவர்கள் ஒரு வகை. எழுப்பத் தவறி, தாங்களே காரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறவர்கள் மறு வகை. மூன்றாவது வகைக்கு எங்கள் ஊரில் இடமில்லை. ஏனென்றால் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர் ரோண்டா கெசிங்கர்.

நிறுத்தத்தில் பிள்ளை நின்றால் பேருந்து நிற்கும். பிள்ளை ஓடி வந்துகொண்டிருந்தால் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். மெதடிஸ்ட் போதகரின் மகள் ஒருமுறை காலில் ஒரு பூட்ஸும் கையில் ஒரு பூட்ஸுமாக மக்காச்சோள வயலைக் குறுக்கே தாண்டித் துரத்தி வந்தாள். ரோண்டா அவளைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். போதகர் பள்ளி நிர்வாகக் குழுவிடம் புகார் கொடுத்தார். குழு கூடி விளக்கம் கேட்டது. ரோண்டா எழுந்து போதகரைப் பார்த்தே பேசினார்.

"கர்த்தர் எப்ப திரும்பி வருவார்னு யாருக்கும் தெரியாது, எப்பவும் ரெடியா இருங்கன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்றீங்க. என் பஸ் எப்ப வரும்னு ஊருக்கே தெரியும். எதுக்கு ரெடியா இருக்கறது சுலபம்?"

போதகர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு, அடுத்த ஞாயிறு அதையே பிரசங்கமாகவும் வைத்துக்கொண்டார். நல்ல சரக்கை வீணாக்கும் வழக்கம் மெதடிஸ்டுகளிடம் கிடையாது.

இப்படிப்பட்ட பெண்மணி இந்தப் பூமியில் ஒரே ஒரு ஆளுக்காக மட்டும் காத்திருந்தார். மேடையில் காத்திருந்தார், வாரா வாரம் காத்திருந்தார், வாய் நிறையத் திட்டிக்கொண்டே காத்திருந்தார். அந்த ஆள் அவர் கூடப் பிறந்த லோனி. நான் எழுதுவது அந்தக் காத்திருப்பின் சரித்திரம். சரித்திரம் என்றால் சாட்சி வேண்டுமே என்றால், சாட்சி நான்தான். என் பெயர் ஹோபர்ட். அவர்கள் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். பகலில் லோனியின் கழிவுநீர்த் தொட்டி லாரியில் குழாய் பிடிக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரியான வேலை. கீழே நடப்பது. நின்றுபோனால்தான் இருந்ததே தெரியும்.

ரோண்டாவும் லோனியும் இரட்டையர். ரோண்டா பிறந்தது மருத்துவர் குறித்துக் கொடுத்த செவ்வாய்க்கிழமை. லோனி பிறந்தது புதன்கிழமை. இடையில் மருத்துவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, செய்தியும் கேட்டுவிட்டு வந்தார் என்று அவர்கள் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அக்கா முதலில் கற்ற காரியம் தம்பிக்காகக் காத்திருப்பது. அதை அன்றே அவர் வெறுத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து அணிவகுப்பு வாத்தியக்குழுவில் ரோண்டா டிரம் கேட்டார். வாத்தியார் பெண்பிள்ளைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று புல்லாங்குழலைக் கொடுத்தார். கால்பந்தாட்டத்தின் இடைவேளையில், ஊரே உட்கார்ந்து பார்க்க, அணிவகுப்பு மைதானத்தின் நடுவே வந்தபோது ரோண்டா பக்கத்தில் போன பெரிய டிரம்மைப் புல்லாங்குழலால் அடிக்க ஆரம்பித்தார். அத்தனை பேரும் அவர் வேகத்துக்கு இழுபட்டுக் குதிநடை போட்டார்கள். புல்லாங்குழல் வளைந்தது. வாத்தியாரும் வளைந்தார். அடுத்த வாரம் டிரம் ரோண்டாவின் தோளில் தொங்கியது.

நடுவில் கர்ட்டிஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஒரு நாள் விட்டுப் போனார். அதைப் பற்றி ரோண்டா சொன்னது இவ்வளவுதான்: "போறேன்னு சொன்ன நாள்ல கரெக்டா போனான். அவன்கிட்ட எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான்."

குழுவின் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதில் ஏதோ ஆழமான தத்துவம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். முதல் கச்சேரிக்கு நாங்கள் வாத்தியங்களை ஏற்றிப் போனது கெசிங்கர் அப்பாவின் வேனில். வேனின் பக்கவாட்டில் 'கெசிங்கர் செப்டிக்' என்று பெரிதாகவும், அதன் கீழே தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது. நாங்கள் பெயர் யோசித்து முடிப்பதற்குள் மதுக்கூடத்துக்காரர் வேனைப் பார்த்துப் பலகையில் எழுதிவிட்டார். எண்ணையும் சேர்த்து எழுதினார். அன்றிரவு எங்களுக்குக் கைதட்டல் சுமார்தான். தொட்டி சுத்தம் செய்யக் கேட்டு வந்த அழைப்புகளுக்கோ குறைவே இல்லை. அப்பா மனமார ஆசீர்வதித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

லோனி பாடுவான், கிதார் வாசிப்பான், பாட்டும் கட்டுவான். கிடத்தி வைத்து இரும்புக் கம்பியால் வருடுகிற ஸ்டீல் கிதாரை வாசிப்பவர் ஆர்லிஸ். அவர் பேசி நான் கேட்டது அவர் மனைவியின் அடக்கத்தில் 'ஆமென்' சொன்னபோதுதான். லோனியிடம் ஒரு குற்றம் உண்டு. எல்லாப் பாட்டிலும் பல்லவிக்கு நேரத்துக்கு வரமாட்டான். மறதி என்றால் மன்னிக்கலாம். இவன் தொப்பியைப் பின்னால் தள்ளுவான், கூட்டத்தில் யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்துச் சிரிப்பான், அதன் பிறகே வாயைத் திறப்பான். அதற்குள் பல்லவி அவனை விட்டுக் கிளம்பியிருக்கும். எனவே நாங்கள் மூவரும் பல்லவியின் வாசலில் கையைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கப் பழகினோம். ஒரு தட்டும் கொஞ்சமும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எந்தச் சங்கீத சாஸ்திரத்திலும் எழுதியிருக்காது. கூட்டத்தில் பழைய காதலி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த இடைவெளியில் டிரம்முக்குப் பின்னாலிருந்து ரோண்டாவின் குரல் வரும். "வாடா." முன்வரிசைக்குக் கேட்கும். லோனியும் வருவான், உலகத்தில் ஒன்றுமே நடக்காதவன் போல. கச்சேரி முடிந்ததும் அக்கா சண்டை போடுவார். வேனில் ஏறும்போதும் போடுவார். "உனக்குன்னு தனியா ஒரு கடிகாரம் செஞ்சு குடுக்கணும்டா, முள்ளே இல்லாம." லோனி சொல்லும் ஒரே சமாதானம், அடுத்த வருஷம் சரி பண்ணிவிடுவேன் என்பது. ஒரு ஆல்பம் போடுவோம் என்று அக்கா கேட்டாலும் அதே பதில்தான். அடுத்த வருஷம்.

சென்ற வசந்தத்தில் லோனி செத்துப்போனான். புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து கொல்லைப்புறத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. அவன் நின்றது வண்டிக்குத் தெரியவில்லை. அது அவனை ஏற்றிக்கொண்டே வேலியைத் தாண்டி, ஓபல் ஸ்டவுட் அம்மாளின் தக்காளிப் பாத்தி முழுவதையும் ஒரே சீராக வெட்டி முடித்துவிட்டு, எரிவாயு உருளையின் பக்கத்தில் ஓய்ந்தது. லோனி ஆரம்பித்த வேலையை முடித்தது அது ஒரு தடவைதான்.

அடக்க ஆராதனை நடந்த நாளில் ரோண்டா தேவாலயத்தின் முதல் பெஞ்சில் நேரத்துக்கு உட்கார்ந்திருந்தார். ஆர்கன் வாசிக்கும் பெண் நேரத்துக்குத் தொடங்கினாள். சபை நேரத்துக்கு எழுந்து நின்றது. பெட்டியைத்தான் காணோம். ஆற்றோர ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் சவ ஊர்தி, அதற்குள் லோனி. ஆர்கன்காரி அதே கீர்த்தனையை மறுபடி மறுபடி வாசித்தாள். அடித்தளத்துச் சமையலறையில் பன்றித்தொடையும் சுட்ட உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. ரோண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேவாலயம் முழுக்கக் கேட்கிற குரலில், "இன்னிக்குமாடா" என்றார்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நானூறு மெதடிஸ்டுகள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்தார்கள்.

அவர் அழவில்லை. ஊர் அதைக் கவனித்துக்கொண்டது. ஆனால் ஊர் மன்னிக்காமல் விட்டது வேறொன்றை. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயரை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பாத்திரத்தை உடனே திருப்பித் தரக் கூடாது. வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்கிற சாக்கில் அவர்கள் வருவார்கள், கொடுக்கிற சாக்கில் நாம் போவோம், அப்படியே துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ரோண்டா அத்தனை பாத்திரங்களையும் அன்றிரவே கழுவினார். மறுநாள் காலை பள்ளிப் பேருந்தில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிள்ளை ஏறியது, பாத்திரம் இறங்கியது. ஓபல் அம்மாள் தன் பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி சாலையோரத்தில் நின்று, அந்தப் பெண்ணுக்கு நெஞ்சுக்குள் டயர் ரப்பர்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். ஊர் அதை ஏகமனதாக ஏற்றது.

அப்போதுதான் நாஷ்வில்லிலிருந்து ஆஷர் வந்து சேர்ந்தான். தீயணைப்பு நிலையத்து மீன் விருந்தில் லோனி பாடியதை யாரோ ஒரு சித்தப்பா மகன் கைபேசியில் பிடித்திருந்தான். சாவுக்குப் பிறகு அது ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். அழுகை இருக்கும் இடத்துக்கு இசைக் கம்பெனி ஆள் அனுப்பும். ஆஷர் இளைஞன், நல்லவன், மரியாதை தெரிந்தவன். சாணி பார்க்காத பூட்ஸ் போட்டிருந்தான் என்பதைத் தவிர அவனிடம் எனக்கு வருத்தமில்லை. அவன் திட்டப்படி ஆல்பத்தின் பெயர் 'வெற்று நாற்காலி'. அட்டையில் வயல் நடுவே ஒரு நாற்காலி. உள்ளே எல்லாம் மெதுவான பாட்டு. துக்கத்துக்கு இப்போது நல்ல கிராக்கி என்று பணிவாகச் சொன்னான்.

"லோனி நின்னுக்கிட்டே பாடினவன், கண்ணு," என்றார் ரோண்டா. பேருந்தில் ஏறுகிற பிள்ளை முதல் ஆளுநர் வரை எல்லோரும் அவருக்குக் கண்ணுதான், கோபம் வந்தால் இன்னும் கண்ணு. "நாற்காலியில உக்காந்தா தூங்கிடுவான். அவன் கட்டி வச்ச பாட்டு எல்லாம் சத்தமான பாட்டு. அதுதான் ஆல்பம். மெதுவா வேணும்னா வேற சாவு வீடு பாரு."

ஆஷர் லோனியின் பாட்டுகளைக் கேட்டான். காது உள்ள பையன், நாற்காலியைக் கைவிட்டான். யார் பாடுவது என்ற கேள்வி வந்தது. ஆர்லிஸ் தரையைப் பார்த்தார். நான் ஆர்லிஸைப் பார்த்தேன். ரோண்டா, தான் பாடுவதாகச் சொன்னார். அதுவரை அவர் பாடி யாரும் கேட்டதில்லை. அவர் குரலை ஊருக்குத் தெரியும், 'உக்காரு' என்று பேருந்தின் கடைசி வரிசை வரை போய் ஆளை உட்கார வைக்கும் குரல். அந்தக் குரலால்தான் பாடினார். முதல் தடவை கேட்டபோது நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒரு நாள் லாரியில் போகும்போது கேட்டேன். லோனி போன பிறகு லாரியை ரோண்டாதான் ஓட்டினார், கோடை விடுமுறையில் பேருந்து வேலை கிடையாது.

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்லிட்டே போயிட்டான். இதுதான் அந்த அடுத்த வருஷம், ஹோபர்ட். ஆல்பம் வந்தாகணும். எங்க வீட்டு டப்பாவுல கிடக்கறதுக்கு இல்ல, நாட்டுல போய்ச் சேரணும்."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. கம்பெனி இல்லாமல் அது பிக்கெட்ஸ் ஃபெர்ரியைத் தாண்டாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒலிப்பதிவு பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் நடந்தது. சாவி ரோண்டாவிடம் இருந்தது, விடுமுறையில் கேட்பாரில்லை. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, மஞ்சள் பேருந்துகள் சபையார் போல வரிசையாக. ஆஷர் டேப் இயந்திரத்தைக் கொண்டுவந்து டீசல் பீப்பாயின் மேல் வைத்தான். பின்புறம் தண்டவாளம்; ரயில் வந்தால் நிறுத்திவிட்டுக் குளிர்ந்த டீ குடிப்போம்.

முதல் பாட்டு, 'எப்பன்னு சொன்னேனா.' லோனி கட்டியது. "வரேன்னு சொன்னேன்டி, எப்பன்னு சொன்னேனா?" என்பது பல்லவி. சரணம் நன்றாகவே போயிற்று. பல்லவியின் வாசலுக்கு வந்தோம். ஆர்லிஸின் கம்பி அந்தரத்தில் நின்றது. என் விரல் நின்றது. ரோண்டாவின் குச்சிகள் மேலே நின்றன. பாட வேண்டியவர் ரோண்டா. அவரும் நின்றார். மூன்று பேரும், வராதவனுக்காக, கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

"வாடா," என்றார் ரோண்டா.

சொன்னது அவர் வாய் அல்ல, பழக்கம். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. டேப் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு ரோண்டா குச்சியை இறக்கி, பாதிப் பல்லவியிலிருந்து, முழு ஆத்திரத்தோடு பாடினார். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். முப்பது வருஷமாகப் பழகிய கை சொன்ன பேச்சைக் கேட்குமா? ஆஷர் யோசித்து, எங்கள் காதுக்குள் ஒரு 'டிக் டிக்' வைத்தான். நகரத்தில் எல்லோரும் அதை வைத்துத்தான் வாசிக்கிறார்களாம். அது யாருக்கும் நிற்காத கடிகாரம். ரோண்டாவுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. டிக் டிக் சொன்னது, நாங்கள் போனோம். பல்லவி நேரத்துக்கு வந்தது. என் வாழ்நாளில் முதல் முறையாகக் கெசிங்கர் செப்டிக் ஒரு பல்லவிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆஷர் மகிழ்ச்சியோடு அதைப் போட்டுக் காட்டினான். ரோண்டா பேருந்தின் படியில் உட்கார்ந்து கேட்டார். முடியும் வரை கேட்டார்.

"யாரு இவங்க?"

"நீங்கதான், மேடம்."

"இல்ல. எங்க ஊர்ல இவ்ளோ கரெக்டா யாரும் வரமாட்டாங்க."

ஆஷர் பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கேட்கப் போகிறவர்களுக்கு லோனியைத் தெரியாது. அவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு தப்பு, 'வாடா' என்பது ஒரு சத்தம். இரண்டும் போகாவிட்டால் கம்பெனி ஆல்பத்தைத் தொடாது. அது தன் கையில் இல்லை. முப்பது வருஷமாக நீங்களே இதற்குத்தானே சண்டை போட்டீர்கள் என்றும் கேட்டான். யார் சொல்லித் தொலைத்தார்கள் என்று தெரியவில்லை. நான்தான்.

"போட்டேன். இன்னும் போடுவேன்," என்றார் ரோண்டா. "அவன் இருந்திருந்தா இந்த டிக் டிக்கை அவன் காதுல ஆணி வச்சு அடிச்சிருப்பேன். இப்ப வேணாம்."

"ஏன் மேடம்?"

"ஒரு ஆளை எடுத்துப் போயிட்டாங்க. சரி, கேக்காம எடுத்துட்டாங்க. அவன் வர வேண்டிய இடத்தையும் நான் மெழுகிக் குடுக்கணுமா? அந்த ஓட்டை இருக்கட்டும், கண்ணு. தடுக்கி விழறவங்க விழட்டும்."

ஆஷர் அந்த இடத்திலேயே முடிவைக் கேட்கவில்லை. மாவட்டச் சந்தை முடியும் வரை இருப்பேன், அதற்குள் டிக் டிக் வைத்த டேப்புக்குச் சம்மதம் சொன்னால் சரி, இல்லையென்றால் வெறுங்கையோடு போவேன் என்றான். போனால் போ என்றார் ரோண்டா. ஆனால் அடுத்த நாள் நான் லாரி சாவி வாங்கப் போனபோது, கொட்டகையில் நின்ற பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காதில் அந்த டிக் டிக்கை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டும் பிசகவில்லை. என்னைப் பார்த்ததும் கழற்றி எறிந்தார். ஆல்பம் நாட்டில் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அவரை எவ்வளவு அறுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் மாவட்டச் சந்தை. டிராக்டர் இழுவைப் போட்டிக்கும் பன்றி ஏலத்துக்கும் நடுவே எங்களுக்கு மேடை கொடுத்திருந்தார்கள். மேடைக்கு எதிரே ஊர் முழுவதும் பலகைப் படிகளில். ஓபல் அம்மாள் வேலியோரம் முதல் வரிசையில், மடியில் சர்க்கரை தூவிய வறுத்த மாவுப் பண்டத்தோடு, தக்காளிப் பாத்தி இழந்தவரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கையில் எலுமிச்சைச் சாறோடு ஆஷர். ரோண்டா பாட வருகிறார் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. பாத்திரங்களை மறக்காத ஊர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தது.

'எப்பன்னு சொன்னேனா' தொடங்கினோம். ஆஷருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்; கோடை முழுக்க அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். சரணம் முடிந்தது. பல்லவி வந்தது.

எங்கள் கைகள் மேலே நின்றன.

ஒரு சத்தமில்லை. பன்றிகள்கூடக் கத்தவில்லை. அந்த மௌனத்தின் நடுவே, மிகச் சரியான நேரத்தில், நல்ல சுருதியில், "வரேன்னு சொன்னேன்டி" என்று ஒரே ஒரு ஆண் குரல் கிளம்பியது. ஆஷர். ஊர் மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது. நேரத்துக்கு வந்த குற்றத்துக்காக ஒரு மனிதன் காது மடல்வரை சிவந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஓபல் அம்மாள் சர்க்கரை ஒட்டிய கையை அவன் முழங்கை மேல் வைத்தார்.

"இரு தம்பி," என்றார். "லோனி இன்னும் வரல."

மேடையிலிருந்த எங்களுக்கே கேட்டது. ரோண்டாவுக்கும் கேட்டது. அவர், "வாடா" என்றார். அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது, பழைய காதலி கூட்டத்தில் இருக்கும் நாள்களைப் போல. பிறகு குச்சிகள் இறங்கின. அந்த மாலை அவர் அடித்த அடியில் பன்றி ஏலக்காரரின் ஒலிபெருக்கி மேடையிலிருந்து விழுந்தது. அடுத்த பல்லவிக்கு ஆஷர் காத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்கடுத்த பல்லவிக்குப் படிகளில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்து, ரோண்டாவோடு சேர்ந்து, தாமதமாக, தொண்டை கிழியப் பாடினார்கள்.

மேடைக்குப் பின்னால் ஆஷர் வந்தான். டிக் டிக் டேப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடைவெளி சரியாக எவ்வளவு என்று கம்பெனிக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டான்.

"சொல்லாத," என்றார் ரோண்டா, வாத்தியத்தைக் கழற்றியபடி. "சொன்னா நேரத்துக்கு வந்துடுவாங்க."

அவன் ஓட்டையுள்ள டேப்பை எடுத்துக்கொண்டு நாஷ்வில்லுக்குப் போனான். அங்கே யாரோடு என்ன சண்டை போட்டான் என்று தெரியாது. பூட்ஸில் சாணி இருந்தது, அது உதவியிருக்கலாம். ஆல்பம் வெளிவந்தது. நாற்காலி இல்லை, அட்டையில் எங்கள் லாரி. கம்பெனி தன் பங்குக்கு மூலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியது: 'இசைத்தட்டில் கோளாறு இல்லை.'

சீட்டை யார் படிக்கிறார்கள்? லாரியின் பக்கவாட்டில் இருக்கும் தொலைபேசி எண் அட்டைப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இப்போது அந்த எண்ணுக்கு இரண்டு விதமான அழைப்புகள் வருகின்றன. தொட்டி நிரம்பிவிட்டது, எப்போது வருவீர்கள் என்று கேட்பவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது, யாரோ ஒரு பெண் யாரையோ திட்டுகிறாள், அப்புறம் எப்போது வரும் என்று கேட்பவர்கள் டெக்சாஸ், ஓரிகன், இன்னும் எங்கெங்கோ இருப்பவர்கள். எங்கெங்கோ என்பதுதான் ரோண்டா கேட்டது. இரண்டு கூட்டத்துக்கும் அவர் பதில் ஒன்றே. "அவசரப்படாதீங்க கண்ணு. வரும்."

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்து, பேருந்தும் ஓடத் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ரோண்டாவின் மனம் இளகியிருக்கும் என்று நம்பி, போதகரின் மகள் முதல் வாரமே தாமதமாக எழுந்தாள். மக்காச்சோள வயல் குறுக்கே ஓடி வந்து, லோனிக்கு மட்டும் நிற்கிறீர்களே என்று மூச்சிரைக்கக் கத்தினாள். நியாயமான கேள்விதான். நான் லாரியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

ரோண்டா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"உனக்குக் கால் இருக்கு, கண்ணு. ஓடு."

பேருந்து நிற்கவில்லை.